சனிக்கிழமைப் பழுது

"கெட்டது ஒரே ஒரு கீதான். அதை மட்டும் பார்த்தா போதும்" என்று மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னபோது, சூப்பர்வைசர் ஏற்கெனவே கீபோர்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகில் இருந்த திருகாணிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த ஒரே ஒரு கீ, ஆங்கிலத்து ஆர். அழுந்தக் குத்தினால்தான் இறங்கியது, அதுவும் ஐந்துக்கு ஒரு தடவை. ஆர் இல்லாமல் ஒரு நூலக அதிகாரி எத்தனை வாக்கியம் எழுதிவிட முடியும்? சாயங்காலம் அவள் நூலகத்தின் ஆண்டறிக்கையை அடித்தாக வேண்டும்.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். கைப்பையைத் துழாவி, கார் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதுவும் ரெண்டு நாளா அடம் பிடிக்குது. பட்டனை அமுக்கி அமுக்கி விரல் வலிக்குது. முடிஞ்சா பாருங்க. முடியலைன்னா விட்டுடுங்க."

மாற்றுச் சாவி தன் பையிலேயே இருப்பதாகவும், மூன்று மணிக்கு மறக்காமல் காரோடு நூலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்றும், கிளை நூலகத்துக்குப் போக வேண்டிய நான்கு பெட்டிப் புத்தகம் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். இதெல்லாம் சூப்பர்வைசர் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. 'முடியலைன்னா' என்ற இடத்திலேயே அவர் நின்றுவிட்டார்.

முப்பத்தொரு வருஷம் லிப்ட் கம்பெனியில் குப்பை கொட்டியவர் அவர். நகரத்தில் தொண்ணூறு லிப்ட்டுகள் அவர் மேற்பார்வையில் ஏறி இறங்கின. ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியும் அக்கம்பக்கத்தில் எல்லாரும் அவரை சூப்பர்வைசர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் யாரையும் திருத்தவில்லை. குடியிருந்த கட்டிடத்தில் மட்டும் லிப்ட் கிடையாது. அது அவருக்கு ஒரு தனி வருத்தம்.

ஓய்வு பெற்ற முதல் மாதம் மனிதர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. முப்பத்தொரு வருஷமாக, சோற்றில் கை வைத்தால் போன் வரும். யாரோ நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். திட்டிக்கொண்டே கை கழுவிவிட்டு ஓடுவார். இப்போது போன் வரவில்லை. ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போனில் சிக்னல் இருக்கிறதா என்று மணிக்கு ஒரு தடவை பார்ப்பார். உலகத்தில் ஒருவர்கூட எங்கேயும் மாட்டிக்கொள்ளவில்லை என்பது அவருக்குப் பெரிய மனக்குறையாக இருந்தது. சாப்பாடு பாதியாகக் குறைந்தது. பேச்சு அதிலும் பாதி.

இரண்டாவது மாதம் ஒரு சனிக்கிழமை சுவர்க் கடிகாரம் நின்றது. அவர் பிரித்தார், பார்த்தார், ஓட வைத்தார். அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த வாரம் மேஜை விளக்கு. அதற்கடுத்து ரேடியோ, அதற்கடுத்து காற்றாடி, வாசல் மணி, தையல் மெஷின். போன வாரம் இஸ்திரிப் பெட்டி. பத்தே நிமிஷத்தில் முடித்தார். இந்தக் காலத்துச் சாமான்களுக்குத் தரமே கிடையாது என்று கீழ்வீட்டுப் பல் டாக்டரிடம் அவர் குறைப்பட்டுக்கொள்வார். குறைப்படும்போது முகம் மட்டும் பளிச்சென்று இருக்கும்.

தெருமுனையில் ஒரு ரிப்பேர் கடை உண்டு. கம்ப்யூட்டர், போன், கார் சாவி எல்லாம் பார்ப்பதாக போர்டு தொங்கும். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போகும்போது எதிர்ச் சாரிக்கு மாறி நடப்பார். இந்த வீட்டிலிருந்து ஒரு சாமான்கூட அந்தக் கடைப் படி ஏறியதில்லை என்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே கௌரவம். அது போய்விட்டால் அப்புறம் அவர் யார்? வீட்டில் சும்மா இருக்கிற ஒரு ஆள். அவ்வளவுதான்.

ஆகவே அவர் முழு மூச்சாக இறங்கினார்.

வேறு யாராக இருந்தாலும் அந்த ஆர் கீயை நெம்பி உள்ளே எட்டிப் பார்த்திருப்பார்கள். ஆனால் லிப்ட் கம்பெனியில் அவர் கைப்பட எழுதி ஒட்டிய ஒரு சுற்றறிக்கை உண்டு. ஒரு பட்டன் மக்கர் செய்தால் அந்தப் பட்டனைத் தொடாதே, பலகை முழுவதையும் கழற்று, எல்லாவற்றையும் கழுவு, துடை, திரும்ப மாட்டு. பிசுக்கு ஒரு பட்டனோடு நிற்பதில்லை என்பது அவர் கண்ட உண்மை. இதை வைத்துத்தான் தொண்ணூறு லிப்ட்டையும் அவர் ஓட்டினார்.

கரண்டிக் காம்பைக் கொடுத்து ஒவ்வொரு கீயாக நெம்பினார். மொத்தம் நூற்றுநாலு. சிலது சாதுவாக வந்தன. சிலது துள்ளிப் போய் சோபாவுக்கு அடியில் விழுந்தன. ஒன்று கண்ணாடி ஜாடிக்குள் சரியாக இறங்கியது. இன்னொரு தடவை முயன்றால் நடக்காது. எல்லாவற்றையும் காய்கறி அலசும் வடிகூடையில் போட்டு, சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை, நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசினார். பால்கனியில் துண்டை விரித்து வெயிலில் பரப்பினார். கீ இருந்த குழிகளை எல்லாம் காது குடையும் பஞ்சால் துடைத்தார்.

எது எங்கே இருந்தது என்று எழுதி வைத்துக்கொள்ளவில்லை. தினமும் கண்ணில் படுகிற சாமான்தானே என்று நினைத்துவிட்டார். ஆனால் அவர் வாழ்நாளில் கீபோர்டில் ஒரு வரி அடித்ததில்லை. ஆபீசில் அதற்கென்று ஒரு குமாஸ்தா இருந்தார்.

கீ காய்கிறவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? கார் சாவியை எடுத்தார். நகத்தைக் கொடுத்து இரண்டாகப் பிளந்தார். உள்ளே ஒரு குட்டி சர்க்யூட் பலகை, பட்டன்கள் வைத்த ரப்பர் தகடு, பொத்தான் பாட்டரி. மீட்டரை வைத்துப் பாட்டரியின் விளிம்பில் தொட்டுப் பார்த்தார். முழுசாக இருந்தது. பாட்டரி நன்றாக இருந்தும் சாவி வேலை செய்யவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஈரம். லிப்ட் குழியில் பார்க்காத ஈரமா? சூடு காட்டினால் சரியாகிவிடும்.

மனைவியின் தலைமுடி உலர்த்தும் மெஷினை எடுத்து மூன்று நிமிஷம் காட்டினார். ஈரம் இருந்ததோ இல்லையோ, ரப்பர் தகடு நான்கு பக்கமும் சுருண்டு எழுந்துகொண்டது. திரும்ப அமுக்கினால் படுத்தது, கையை எடுத்தால் எழுந்தது.

போகட்டும், ரப்பர் எதற்கு, நேராகப் பலகையிலேயே தொட்டுப் பார்ப்போம் என்று புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்தார். இரண்டு புள்ளி தெரிந்தது. இரண்டையும் சேர்த்துத் தொட்டார்.

இரண்டு மாடி கீழே கார் அலறியது.

அது சும்மா அலறவில்லை. விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டி, ஊரைக் கூட்டி அலறியது. சூப்பர்வைசர் பிரித்த சாவி மொத்தமும் ஒரு கையிலும், இடுக்கி ஒரு கையிலும், மீட்டர் கக்கத்திலுமாகப் படியில் ஓடினார். அவர் கீழே போய்ச் சேருவதற்குள் பல் டாக்டர் கிளினிக்கை விட்டு வெளியே வந்திருந்தார். அவருக்குப் பின்னால், வாய் நிறையப் பஞ்சோடு ஒரு நோயாளியும் வந்து நின்றார்.

என்ன ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். சோதனை ஓட்டம் என்று சூப்பர்வைசர் சொன்னார்.

"நான் பல்லைப் பிடிச்சு இழுக்கிற நேரம் பார்த்து இது கத்துது சார். அவரு தான்தான் கத்துறோம்னு நினைச்சுட்டாரு."

நோயாளி ஆமாம் என்று தலையாட்டினார்.

சூப்பர்வைசர் இடுக்கியால் இன்னும் இரண்டு இடத்தைத் தொட்டார். சத்தம் சட்டென்று நின்று, டிக்கி மெல்லத் திறந்துகொண்டது. தான் தொட்டது எந்த இடம் என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் நினைத்ததையே செய்து முடித்தவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார். டிக்கியின் தரை அகலமாக, சமதளமாக, நிழலாக இருந்தது. வேலை செய்ய இதைவிட நல்ல மேஜை எங்கே கிடைக்கும்? கைக்குட்டையை விரித்து, பலகையை வைத்து, பாட்டரியைக் கழற்றி, சாவியின் இரும்புத் தண்டையும் தனியாக உருவி, பக்கத்தில் வரிசையாக அடுக்கினார். பல் டாக்டருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. அவரும் குனிந்து பார்த்து, வேர்வரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது என்று கருத்துச் சொன்னார்.

மேலிருந்து இன்னும் சின்னத் திருப்புளி ஒன்றை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு சூப்பர்வைசர் இரண்டு எட்டு வைத்தார். பல் டாக்டர் உதவும் குணம் உள்ளவர். திறந்தது எதுவாக இருந்தாலும் மூடிவிட்டுப் போவது அவர் தொழில் பழக்கம்.

"டிக்கியைத் திறந்து போட்டா காரோட பாட்டரி இறங்கிடும் சார்" என்று சொல்லி, அதை டொப்பென்று சாத்தினார்.

இருவரும் ஆளுக்கு இரண்டு கதவை இழுத்துப் பார்த்தார்கள். கதவு நான்கும் பூட்டியிருந்தன. பலகை, பாட்டரி, ரப்பர், இரும்புத் தண்டு, இடுக்கி, மீட்டர் எல்லாம் உள்ளே. மாற்றுச் சாவி நூலகத்தில், மனைவியின் கைப்பையில்.

செய்த பாவத்துக்குப் பரிகாரமாக டாக்டர் உள்ளே போய், பல்லின் சொத்தையை நோண்டும் கம்பியைக் கொண்டு வந்தார். காரின் சாவித் துவாரத்தில் விட்டுப் பத்து நிமிஷம் குடைந்தார். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது என்றார். அதற்குள் நோயாளிக்கு மரப்பு ஊசியின் வேகம் குறைய ஆரம்பித்துவிட்டது. அவர் டாக்டரின் சட்டையைப் பிடித்து இழுக்க, டாக்டர் உள்ளே போனார்.

மணி பன்னிரண்டு. சூப்பர்வைசர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சரி, ஒன்று போனால் போகிறது, கீபோர்டையாவது முழுசாக முடித்து வைத்துவிட்டால் பாதி மானமாவது மிஞ்சும் என்று மேலே ஏறினார்.

கீ எல்லாம் காய்ந்து மினுமினுவென்று இருந்தன. ஆனால் அடுக்க உட்கார்ந்தபோது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டது. பெரிய கீக்கள் இடம் பார்த்துத் தாமாகவே உட்கார்ந்தன. எழுத்துக் கீ இருபத்தாறும் ஒரே அளவு. எது முதலில் இருந்தது? கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். மனைவியின் விரல்கள் ஞாபகம் வந்தன, எழுத்து வரவில்லை.

அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? லிப்ட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்றுதானே பட்டன் இருக்கும்? எந்த மடையனாவது ஏழுக்குப் பக்கத்தில் மூன்றை வைப்பானா? ஏ-யில் ஆரம்பித்து இசட்வரை வரிசையாக, ஒழுங்காக, மாட்டி முடித்தார். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. இத்தனை நாள் இந்தக் கீபோர்டில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்ததே, அது இதுதான் போலிருக்கிறது என்றும் அவருக்குத் தோன்றியது.

கம்ப்யூட்டரில் சொருகி, முதல் வேலையாக ஆர் கீயை அமுக்கினார். வெண்ணெயில் விரலை வைத்ததுபோல் இறங்கியது. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நிமிர்ந்து திரையைப் பார்த்தார். அங்கே கே இருந்தது.

ஏ-யை அமுக்கினால் க்யூ வந்தது. பி-யை அமுக்கினால் டபிள்யூ. சி-யை அமுக்கினால் ஈ. டி கீ இறங்கவே இல்லை. காலையில் நல்ல பிள்ளையாக இருந்த டி இப்போது அப்படியே ஆரின் குணத்தை வாங்கிக்கொண்டு முறைத்தது. லிப்ட்டில் பட்டனைப் பிடுங்கினால் கம்பியும் கூடவே வரும்; மூன்று என்ற பட்டனை எங்கே கொண்டுபோய் மாட்டினாலும் அது மூன்றாவது மாடிக்குத்தான் கூட்டிப் போகும். இதில் அப்படியில்லை என்பது அவருக்குத் தெரியாது. காலையில் ஒரே ஒரு எழுத்துதான் கெட்டிருந்தது, இப்போது இருபத்தாறும் கெட்டுவிட்டன, அதோடு பழுதும் இடம் விட்டு இடம் நகர்கிறது என்று முடிவுக்கு வந்தார். முப்பத்தொரு வருஷத்தில் நகருகிற பழுதை அவர் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன் வந்தது.

"சாப்டீங்களா? எப்படிப் போயிட்டிருக்கு?"

"முடிஞ்ச மாதிரிதான்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்" என்றார். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

அந்தப் பக்கம் புத்தகம் ஒன்றை மூடும் சத்தம் கேட்டது.

"மணி ஒண்ணுகூட ஆகலையே. அதுக்குள்ளேயேவா?" என்றாள். குரல் என்னவோ இறங்கியிருந்தது. ஆச்சரியத்தில் இறங்கியிருக்கிறது என்று சூப்பர்வைசர் எடுத்துக்கொண்டார். இதெல்லாம் ஒரு வேலையா என்று பதில் சொல்லிவிட்டு, போனை வைத்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பல் டாக்டர் மாடி ஏறி வந்தார். டிக்கியைச் சாத்திய குற்ற உணர்வு அவரைச் சாப்பிட விடவில்லையாம். கீபோர்டைப் பார்த்தார். ஏ, பி, சி, டி என்று படித்தார். பாலர் வகுப்பிலிருந்து வாங்கி வந்தீர்களா என்று கேட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். எழுத்து கீயில் இல்லை, குழியில் இருக்கிறது. மேலே இருப்பது வெறும் தொப்பி. தொப்பியை மாற்றினால் ஆள் மாற மாட்டான்.

சூப்பர்வைசருக்கு உயிர் திரும்பி வந்தது. டாக்டரின் கிளினிக் கீபோர்டைப் பார்த்து அடுக்கினால் கதை முடிந்தது. டாக்டர் ஒரு படி மேலே போனார். கரண்டிக் காம்பெல்லாம் எதற்கு, பிடுங்குவது என் தொழில் என்று கீழே ஓடிப்போய்த் தன் இடுக்கியை எடுத்து வந்தார்.

தொழில் நேர்த்தி என்றால் அப்படி ஒரு நேர்த்தி. ஒவ்வொரு கீயையும் பிடித்து, இப்படி அசைத்து, அப்படி அசைத்து, ஒரு சுழற்றுச் சுழற்றி எடுத்தார். அந்தச் சுழற்றலில்தான் வினை இருந்தது. பல்லுக்கு அது நல்ல முறை. கீக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் கால்தான் உண்டு. ஆறாவது கீ வந்தபோது ஏதோ இடறுகிறதே என்று சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். ஆறில் ஐந்துக்குக் கால் இல்லை.

"பயப்படாதீங்க. பல்லு உடைஞ்சாலே நாங்க ஒட்டிடுறோம், இது என்ன" என்றார் டாக்டர்.

மறுபடியும் கீழே ஓடினார். பல்லுக்குப் போடும் சிமென்ட்டைக் கொண்டு வந்து, ஐந்து குழியிலும் ஒரு பொட்டு வைத்து, கீயைப் பொருத்தி, அதை இறுக்கும் நீல விளக்கை அடித்தார். முப்பதே விநாடியில் இறுகிவிட்டது. இருபது வருஷம் கடித்து மெல்லலாம் என்று உத்தரவாதமும் கொடுத்தார்.

அது உண்மைதான். ஐந்து கீயும் பாறை மாதிரி நின்றன. அமுக்கினால் கீ இறங்கவில்லை, கீபோர்டே வளைந்தது.

டாக்டர் தன் கருவிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டுக்கொண்டார். கதவருகே போய் நின்று, தயங்கித் தயங்கி, தெருமுனைக் கடையில் ஒரு பெண் இதெல்லாம் நன்றாகப் பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றார். சூப்பர்வைசர் அவரைப் பார்த்த பார்வையில் டாக்டர் விறுவிறுவென்று படியிறங்கினார்.

மணி இரண்டு. அவர் ஜன்னல் ஓர நாற்காலியைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்கு நூலக வாசலில் நான்கு பெட்டியோடு நிற்பாள். இவர் காரும் இல்லாமல், கீபோர்டும் இல்லாமல், 'ரெண்டும் முடிஞ்சுது' என்று சொன்ன வாயை மட்டும் எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டும். அவள் திட்ட மாட்டாள். பரவாயில்லைங்க என்பாள். அந்தப் பரவாயில்லையைத்தான் அவரால் தாங்க முடியாது.

ஏ, பி, சி வரிசை யார் கண்ணிலும் படாமலிருக்க, மிச்சமிருந்த கீக்களை நெம்பி ஒரு டப்பாவில் கொட்டினார். தலையணை உறையை உருவி, கீபோர்டையும் டப்பாவையும் அதற்குள் போட்டார். வெயிலுக்கு என்று சொல்லிக்கொள்ளத் தொப்பியும், எதற்கும் இருக்கட்டும் என்று கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டார். தெருவில் இரண்டு பேர் அவரைப் பார்த்து, "என்ன சூப்பர்வைசர், வெளியூரா?" என்று கேட்டார்கள்.

கடையில் ஒரு பெண் மட்டும்தான் இருந்தாள். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, ஒரு போனின் வயிற்றைப் பிரித்து வைத்திருந்தாள். சூப்பர்வைசர் முதலில் காரைப் பற்றிச் சொன்னார். தெரிந்தவர் ஒருவரின் கார், சாவி டிக்கிக்குள் மாட்டிக்கொண்டது என்றார். இது பெரிய விஷயமே இல்லை, கருவியை எடுத்துக்கொண்டு கூடவே வந்து பத்து நிமிஷத்தில் திறந்து தருகிறேன் என்று அவள் சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டார். அந்தத் தைரியத்தில் தலையணை உறையையும் மேஜைமேல் வைத்தார்.

அவள் கீபோர்டை வெளியே இழுத்தாள். பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"இது லைப்ரரி அம்மாவோடதாச்சே. நீங்க யாரு?"

இந்தக் கேள்விக்கு அவர் தயாராக வரவில்லை. நான்தான் அவள் புருஷன் என்று சொல்லிவிடலாம். முப்பத்தொரு வருஷம், தொண்ணூறு லிப்ட், எட்டு மாதத்துச் சனிக்கிழமை எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன. வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

"நான் அவங்க கீழ்வீடு. பல் டாக்டர்."

அவள் முகம் மலர்ந்தது. பூதக்கண்ணாடியை மேஜைமேல் வைத்தாள்.

"நல்ல வேளை டாக்டர், நானே வரணும்னு இருந்தேன், பயத்துல தள்ளிப் போட்டுட்டு இருக்கேன். இந்தக் கடைவாய்ப் பல்லு, ரெண்டு நாளா விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்று சொல்லி, வாயை அகலத் திறந்து காட்டினாள்.

சூப்பர்வைசர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வேறு வழியில்லாமல் குனிந்து உள்ளே பார்த்தார். வரிசையாக இருந்தன. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"ஒண்ணை மட்டும் பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. எல்லாத்தையும் கழட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

அவள் வாயை உடனே மூடிக்கொண்டாள். வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது என்றும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டுக் கீபோர்டின் பக்கம் திரும்பினாள். பார்க்கப் பார்க்க அவள் புருவம் ஏறியது.

"எல்லாக் கீயையும் எதுக்குக் கழட்டினாரு அம்மாவோட வீட்டுக்காரரு? கெட்டது ஆர் ஒண்ணுதானே?"

அது அவர்கள் கம்பெனி முறை என்று சூப்பர்வைசர் அவர் சார்பில் சொன்னார்.

"இந்த அஞ்சு கீயில சிமென்ட் மாதிரி என்னவோ இருக்கே, இது யாரு போட்டது?"

"அது டாக்டர். அதாவது, நான்."

அவள் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மெல்லிய இடுக்கியை எடுத்து, ஆர் இருக்க வேண்டிய குழிக்குள் விட்டு, பஞ்சுக்கு எட்டாத ஆழத்தில் இறுகியிருந்த, அரிசி அளவில் ஒரு கறுப்பு ரப்பர் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். காலியான குழியை விரலால் அமுக்கினாள். லேசாக இறங்கி ஏறியது.

சூப்பர்வைசர் அந்தத் துண்டையே பார்த்தார். ஆறு மணி நேரம், நூற்றுநாலு கீ, இரண்டு அலசல் சோப்புத் தண்ணீர், எல்லாம் இந்த ஒரு அரிசிக்காகவா?

"இதுதானா பழுது? இது எப்படிம்மா உள்ள போச்சு?"

"நான்தான் வெச்சேன்" என்றாள் அவள். "கார் சாவியில ரப்பர் பட்டனுக்கு அடியில கண்ணாடி டேப்பு ஒட்டி விட்டிருந்தேன். அதையும் அவரு பார்க்கலையா?"

சூப்பர்வைசர் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். கோபப்பட வேண்டும் என்று நினைத்தார். எதற்கு என்று மட்டும் கேட்டார்.

அவள் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர். போன வாரம் இஸ்திரிப் பெட்டியில நான் வெச்ச பழுதைப் பத்தே நிமிஷத்துல முடிச்சுட்டு, மீதி நாள் பூரா மனுஷன் ஜன்னல் ஓரமாவே உட்கார்ந்துட்டாராம், அதான் இந்த வாரம் சாயங்காலம் வரைக்கும் தாங்குற மாதிரி ரெண்டா வெச்சுக் குடுன்னு அம்மா கேட்டாங்க."